கேளுங்க சொல்றோம்: இந்த வெயிலுக்கு யாரு பொறுப்பு?

போன இதழ்ல "பூமி சூடாகறது இயற்கையாலயா மனுசனாலயா, சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் பாத்தா பாதிப் பேரு கேள்வி கேக்கல, நேரா சண்டைக்கே வந்திருக்காங்க. நல்லதுதான். ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணாச் சேத்துட்டு மிச்சத்துக்கு கீழ பதில். பேரு போட வேண்டாம்னு நெறைய பேரு சொன்னதால எல்லாருக்கும் ஊரு மட்டும்தான்.

காங்கேயம் பக்கம் ஒரு விவசாயி: ஏனுங்க, எங்க அப்பாரு தாது வருசப் பஞ்சத்தைப் பத்தி அவரு பெரியவங்க சொன்னதைக் கதை கதையாச் சொல்லுவாருங்க. அன்னைக்கு காரு ஏது, கம்பெனி ஏது? அப்பவும்தான் மழை பொய்ச்சுது. இப்ப மட்டும் மனுசன் தலையில பழியைத் தூக்கி வைக்கறது என்னங்க நியாயம்?

பாதிக் கடுதாசி இதே கேள்விதானுங்க, அதனால இதையே மொதல்ல எடுத்துக்கறோம். தாது வருசம்ங்கறது 1876. அதுல இருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணம், மைசூரு, பம்பாய்ப் பக்கமெல்லாம் லட்சக்கணக்குல சனம் செத்துச்சு. மழை பொய்ச்சதுல மனுசன் கை ஒண்ணும் இல்ல, 1877ல பசிபிக் கடல்ல வந்த எல் நினோ (கடல் தண்ணி வழக்கத்தை விட சூடாகறது, கீழ விவரமா சொல்றோம்) இதுவரைக்கும் தெரிஞ்சதுலயே பெரிய எல் நினோக்கள்ல ஒண்ணு, அதே வருசங்கள்ல வடசீனாவுலயும் பிரேசில்லயும் கூட பஞ்சம்தான். (ஆனா செத்தவங்க கணக்குக்கு மழை மட்டும் காரணம் இல்ல. இங்க சனம் சாகறப்பவும் தானியம் கப்பல்ல ஏறிட்டுத்தான் இருந்துச்சு, நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலியையும் வெள்ளக்காரன் கொறச்சான். அதைக் கொண்டு போயி இயற்கை கணக்குல எழுதிராதீங்க.)

ஆக இயற்கையாவும் மாறும், ஒத்துக்கறோம். ஆனா முந்தி இயற்கையா மாறுச்சு, அதனால இப்பவும் இயற்கைதான்னு முடிவு கட்டறதுதான் இடிக்குது. போன வருசம் சோளக்காட்டை மயிலு தின்னுச்சு, அதுக்காக இந்த வருசமும் மயிலுதான்னு திண்ணையில உக்காந்துட்டே சொல்லிருவீங்களா, காட்டுக்குள்ள எறங்கி தடம் பாப்பீங்கல்ல, மயில் தடமா பன்னித் தடமான்னு? அதேதானுங்க. சூரியன் கூடுனா ஒரு தடம், எரிமலைன்னா ஒரு தடம், கரியும் டீசலும்னா வேற தடம்.

உடுமலையில இருந்து: டிவியில ஒரு தரம் எல் நினோ வந்தா மழை இருக்காதுங்கறாங்க, இன்னொரு தரம் எல் நினோ வந்தா நமக்கு நல்ல மழைங்கறாங்க. எதுங்க நெசம்?

ரெண்டும் நெசம், அதுதான் நம்மூரு கூத்து. எல் நினோன்னா பசிபிக் கடலோட நடுவுலயும் கிழக்கயும் தண்ணி வழக்கத்தை விட சூடாகறது, ரெண்டுல இருந்து ஏழு வருசத்துக்குள்ள ஒருக்கா வரும், லா நினான்னா அதுக்கு நேர்மாறு. எல் நினோ வருசத்துல தென்மேற்கு மழை பெரும்பாலும் சுணங்கும், ஆனா ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் நல்லா இருக்கும். நாம ரெண்டையும் நம்பிப் பொழைக்கறவங்க. ஆழியாறு, சிறுவாணி, பவானிசாகர் நெறையோணும்னா மலையில தென்மேற்கு பெய்யோணும், மானாவாரிக் காட்டுக்கும் கெணத்துக்கும் வடகிழக்கு வேணும். 2015 எல் நினோ வருசம், டிசம்பர்ல சென்னையே மெதந்துச்சு. அடுத்த வருசம் பசிபிக் லா நினா பக்கம் சாஞ்சுது, தமிழ்நாட்டுல வடகிழக்கு மழை 62 சதவீதம் கொறஞ்சு, 2017 ஜனவரியில அப்ப இருந்த 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. "பெரும்பாலும்"னு ரெண்டு தரம் போட்டிருக்கோம், கவனிங்க, இந்தியப் பெருங்கடல் தன் பங்குக்கு குறுக்க பூந்து கணக்கைக் கலைக்கறதும் உண்டு.

இன்னொண்ணு. எல் நினோ இருக்கற சூட்டை கடல்ல இருந்து காத்துக்கும் காத்துல இருந்து கடலுக்கும் மாத்தி மாத்திப் போடும், புதுசா சூட்டை உண்டாக்காது. 1998 ஒரு பெரிய எல் நினோ வருசம், அன்னைக்கு அதுதான் ரெக்கார்டு. 2021ம் 2022ம் லா நினா வருசம், அதாவது உலகம் கொஞ்சம் தணியோணும், ஆனா ரெண்டுமே 1998ஐ விட சூடு. ஏறி ஏறி எறங்கறது எல் நினோ வேலை, ஆனா எறங்குன எடமே முந்தி ஏறுன எடத்தை விட ஒசரமா இருக்குதுன்னா அது வேற எவனோ வேலைங்க.

கோபியில இருந்து ஒரு காலேஜ் ஸ்டூடண்ட்: மிலன்கோவிச் சுழற்சின்னு படிச்சோம் சார். பூமியோட அச்சு, பாதை எல்லாம் மாறறதாலதான் பனியுகமே வந்துச்சு. இப்ப சூடாகறதும் அதுவா ஏன் இருக்கக் கூடாது?

நல்லா படிச்சிருக்கீங்க தம்பி. படிக்காதவங்களுக்காக சுருக்கமா: செர்பியாக்காரர் மிலுட்டின் மிலன்கோவிச், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல உக்காந்து கையாலயே போட்ட கணக்கு இது. பூமி சூரியனைச் சுத்தற பாதை ஒரு சமயம் வட்டத்துக்கு கிட்ட இருக்கும், ஒரு சமயம் கொஞ்சம் நீளும், அதுக்கு சுமார் 1 லட்சம் வருசம். அச்சோட சாய்வு 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் நடுவுல போய்ட்டு வரும், அதுக்கு 41,000 வருசம். அச்சு எந்தத் தெசையப் பாத்து நிக்குதுங்கறது ஒரு சுத்து வர சுமார் 26,000 வருசம். மூணும் சேந்து வடக்க கோடையில விழற வெயிலைக் கூட்டும் கொறைக்கும், கோடையிலயும் பனி உருகாம மிஞ்சுனா வருசா வருசம் சேந்து அது பனியுகம்.

இப்ப வேகத்தைப் பாருங்க. கடைசிப் பனியுகம் உச்சத்துல இருந்தது சுமார் 20,000 வருசத்துக்கு முந்தி. அதுல இருந்து மீண்டு வர்றதுக்கு ஏறக்குறைய 10,000 வருசம் ஆச்சு, ஏறுன சூடு சுமார் 5 டிகிரி, அதாவது 1,000 வருசத்துக்கு அரை டிகிரி. காளிங்கராயன் வாய்க்கால் வெட்டி எழுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அன்னைல இருந்து இன்னை வரைக்கும் அந்த வேகத்துல ஏறியிருந்தா அரை டிகிரி கூட வந்திருக்காது. நாம 150 வருசத்துக்குள்ள 1 டிகிரிக்கு மேல ஏத்திட்டோம், அதுலயும் பெரும்பங்கு 1970க்கு அப்புறம். இதுல வேடிக்கை என்னன்னா மிலன்கோவிச் கணக்குப்படி பாத்தா இப்ப உலகம் மெதுவா, ரொம்ப மெதுவா, குளிரோணும். சாய்வு கொறஞ்சுட்டுத்தான் வருது. அவரு கணக்கு தப்பில்ல தம்பி, அதைப் புடிச்சு இங்க ஒட்டறதுதான் தப்பு.

கரூர்ல இருந்து: சாயங்கால நியூஸ்ல அதிக வெயில்னு சொன்னாலே கரூர் பரமத்தி பேருதான் வருது. எங்களைக் கேட்டா சூரியனுக்கே உக்கிரம் கூடிப்போச்சுங்க. அதுதானுங்களே காரணம்?

உங்க ஊரு வெயிலுக்கு கோவம் வர்றது நியாயம், ஆனா சூரியன் மேல கேஸ் நிக்காது. சூரியன்ல இருந்து பூமிக்கு வந்து சேர்றது சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட். அது 11 வருசத்துக்கு ஒருக்கா கூடிக் கொறையும், வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்குதான். 1978ல இருந்து சாட்டிலைட் வச்சு அளந்துட்டே இருக்காங்க, சூரியன் ஏறுமுகமா போகவே இல்ல, பூமி சூடு மட்டும் ஏறுது.

இதை விட நல்ல தடம் ஒண்ணு இருக்குது. சூரியன் கூடுனா காத்து மண்டலம் அடியில இருந்து உச்சி வரைக்கும் சூடாகோணும். ஆனா கீழ நாம இருக்கற அடுக்கு சூடாகுது, மேல ஸ்ட்ராடோஸ்பியர்னு சொல்ற அடுக்கு குளிர்ந்துட்டு வருது. கரி, டீசல் எரிச்சு வர்ற கார்பன் டை ஆக்சைடு சூட்டைக் கீழயே புடிச்சு வச்சா இப்படித்தான் ஆகும். ஜப்பான்ல பொறந்து அமெரிக்காவுல வேலை செஞ்ச சியுகுரோ மனாபே 1967லயே இப்படித்தான் ஆகும்னு கணக்குப் போட்டு எழுதிட்டாரு, சாட்டிலைட் அதைப் பாத்து ஆமான்னு சொன்னது அதுக்கு அப்புறம். 2021ல இயற்பியல் நோபல் பரிசுல அவருக்கும் பங்கு. அப்புறம் ராத்திரி. உலகத்துல பரவலா பகலை விட ராத்திரிதான் வேகமா சூடாயிருக்குது. ராத்திரி ஏதுங்க சூரியன்?

சேலத்துல இருந்து ஒரு அம்மா: எரிமலை ஒரு தரம் வெடிச்சா மனுசன் நூறு வருசம் விடற புகையை ஒரே நாள்ல விட்டுரும்னு குரூப்ல வந்துச்சு. நெசமாங்க?

பொய்யிங்கம்மா, நீங்களும் பார்வர்ட் பண்ணிராதீங்க. உலகத்துல தரையிலயும் கடலடியிலயும் இருக்கற அத்தனை எரிமலையும் சேந்து ஒரு வருசத்துக்கு விடற கார்பன் டை ஆக்சைடு, நாம கரி பெட்ரோல் கேஸ் எரிச்சு விடறதுல 1 சதவீதம் கூட கெடையாது. நம்ம கணக்கு வருசத்துக்கு சுமார் 3,700 கோடி டன்.

எரிமலை பெருசா வெடிச்சா பூமி சூடாகாது, குளிரும். 1991 ஜூன்ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ வெடிச்சுது, அதோட கந்தக வாயு மேல போயி மெல்லிசா படலமா மாறி வெயிலைத் திருப்பி விட்டுச்சு, உலக சராசரியே ஒண்ணு ரெண்டு வருசத்துக்கு சுமார் அரை டிகிரி எறங்குச்சு. 1815ல இந்தோனேசியாவுல தம்போரா வெடிச்சு 1816ல ஐரோப்பாவுல கோடையே வரல, வெள்ளாமை எல்லாம் போச்சு. அந்தக் கந்தகம் ரெண்டு மூணு வருசத்துல கீழ எறங்கிரும், அதோட கதை முடிஞ்சுது.

நம்ம கரிப் புகையிலயும் கந்தகம் உண்டு, அதுவும் கொஞ்சம் குளிர வைக்கும். அதாவது நாம விடற அழுக்கு நாம ஏத்தற சூட்டுல ஒரு பங்கை மறைச்சு வச்சிருக்குது. 2020ல கப்பல் எண்ணெயில கந்தகத்தை 3.5 சதவீதத்துல இருந்து 0.5க்கு எறக்கச் சொல்லி உலக ரூல் வந்துச்சு, காத்து சுத்தமாச்சு, மறைஞ்சிருந்த சூட்டுல கொஞ்சம் வெளிய வந்துச்சு. அதுக்காக புகை நல்லதுன்னு யாரும் கெளம்பிராதீங்க, நெஞ்சு போயிரும்.

பவானி: மனுசன் மூச்சு விடறதுலயும் கார்பன் டை ஆக்சைடு வருதே, எண்ணூறு கோடி சனம் மூச்சு விட்டா?

நீங்க விடற கார்பன் நேத்து தின்ன சோத்துல இருந்து வந்தது, சோறு போன பட்டத்துல காத்துல இருந்து அதை எடுத்துச்சு. அந்தக் கணக்கு அங்கயே நேராயிருது, தைரியமா மூச்சு விடுங்க.

பொள்ளாச்சியில இருந்து ஒரு டீச்சர்: காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்குன்னு பாடம் நடத்தறேன். ஒரு பையன் எந்திரிச்சு "அது மனுசன் விட்டதுதான்னு எப்படி மிஸ் தெரியும், கடல்ல இருந்து வந்திருக்கலாம்ல"ன்னு கேட்டான். என்ன சொல்லட்டும்?

அந்தப் பையனை மொத பெஞ்சுல உக்கார வைங்க மேடம். இதுக்கு நாலு பக்கம் இருந்து சாட்சி இருக்குது.

மொதல்ல அளவு. சார்லஸ் கீலிங் 1958ல ஹவாயில மௌனா லோவா மலை மேல கருவி வச்சு அளக்க ஆரம்பிச்சாரு, அப்ப பத்து லட்சத்துல 315 பங்கு, இப்ப 420ஐத் தாண்டிருச்சு. அண்டார்டிகா பனிக்குள்ள அடைஞ்சு கெடக்கற பழைய காத்துக் குமிழை எடுத்துப் பாத்தா 8 லட்சம் வருசமா அது 300 பங்கைத் தாண்டுனதே இல்ல, ஆலைகள் வர்றதுக்கு முந்தி 280தான். அடுத்தது கார்பனோட ஜாதகம். கார்பன்ல 12, 13, 14னு மூணு வகை உண்டு. 14ங்கறது கதிரியக்கம் உள்ளது, 5,730 வருசத்துல பாதியா கொறையும், கோடிக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ள கெடந்த கரியிலயும் பெட்ரோல்லயும் அது துளி கூட மிஞ்சாது. செடிகொடிக்கு 13ஐ விட 12தான் புடிக்கும், கரிங்கறதே அந்தக் காலத்துச் செடிகொடிதானே, அதனால அதுலயும் 13 கம்மி. காத்துல 14, 13 ரெண்டோட பங்கும் கொறஞ்சுட்டு வந்திருக்குது, அதாவது புதுசா வந்து சேந்த கார்பன் பழைய செடிகொடியில இருந்து வந்தது. கடல்ல இருந்தோ எரிமலையில இருந்தோ வந்திருந்தா 13 இப்படிக் கொறையாது. (அணுகுண்டுச் சோதனையால 1950, 60கள்ல 14 திடீர்னு ஏறுன கதை ஒண்ணு உண்டு, அதை இன்னொரு நாள் பாக்கலாம்.) மூணாவது ஆக்சிஜன். எதை எரிச்சாலும் ஆக்சிஜன் செலவாகும், காத்துல ஆக்சிஜன் அதுக்குத் தகுந்த மாதிரி துளித்துளியா கொறையுது, பயப்படற அளவு இல்ல, ஆனா கருவிக்குத் தெரியுது.

நாலாவதுதான் பையனுக்கு நேர் பதில். நாம வருசா வருசம் விடறதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மிதான் காத்துல தங்குது. மிச்சத்தை கடலும் காடும் இழுத்துக்குது. கடல் நமக்குக் கொடுக்கலைங்க, நம்மகிட்ட இருந்து வாங்கிட்டு இருக்குது, வாங்கி வாங்கி கடல் தண்ணியே கொஞ்சம் புளிப்பேறிட்டு வருது.

திருப்பூர்ல இருந்து ஒரு பனியன் கம்பெனி ஓனர்: எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர் இப்ப கார்பன் கணக்கு குடுங்கறான். இதெல்லாம் நம்மளை முன்னேற விடாம பண்ற வெளிநாட்டுச் சதின்னு தோணுது.

பையர் மேல இருக்கற கோவத்தை விஞ்ஞானத்து மேல காட்டாதீங்க. அமெரிக்காவுல யூனிஸ் ஃபூட்னு ஒரு அம்மா 1856ல கண்ணாடிக் குழாய்ல கார்பன் டை ஆக்சைடை அடைச்சு வெயில்ல வச்சுப் பாத்தாங்க, மத்த குழாயை விட அது எச்சா சூடாச்சு, நெழலுக்கு எடுத்து வந்தும் லேசுல ஆறல. காத்துல இது கூடுனா பூமி சூடாகும்னு அன்னைக்கே எழுதுனாங்க. அதே 1856லதான் ராயபுரத்துல இருந்து தென்னிந்தியாவோட மொத ரயிலே கெளம்புச்சு, போத்தனூருக்கு அன்னைக்கு ரயில் வந்திருக்கவே இல்ல. 1859ல ஜான் டிண்டல் லண்டன்ல கருவி வச்சு உறுதி பண்ணாரு, 1896ல ஸ்வீடன்காரர் அரேனியஸ் எத்தனை டிகிரி ஏறும்னு கணக்கே போட்டாரு. நம்ம பனியன் ஏற்றுமதியைக் கெடுக்கறதுக்கு இவ்வளவு முந்தியே யாரு திட்டம் போடப் போறாங்க?

ஆனா உங்க கோவத்துல ஒரு நியாயம் இருக்குது. இதுவரைக்கும் காத்துல ஏத்துன கரிப்புகை மொத்தத்துல ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவோடது, இந்தியாவோடது அஞ்சு சதவீதத்துக்கும் கம்மி. வருசக் கணக்குல நாம இப்ப உலகத்துல மூணாவது எடம், ஆனா ஆளுக்குன்னு வகுத்தா அமெரிக்காக்காரன்ல ஏழுல ஒரு பங்குதான். இதை பையர்கிட்ட தாராளமா கேளுங்க.

தாராபுரம்: ஓசோன்ல ஓட்டை விழுந்ததாலதான வெயில் அடிக்குது?

இல்லீங்க, அது வேற கேஸு. ஓசோனைக் கெடுத்தது பழைய பிரிட்ஜ், ஏசி கேஸு, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துல அதை நிறுத்துனாங்க, ஓட்டை மெதுவா ஆறிட்டு வருது. ஆனா அதுக்குப் பதிலா வந்த கேஸு ஓசோனைத் தொடாது, சூட்டை மட்டும் நல்லாப் புடிச்சு வைக்கும், அதையும் கொறைக்கறதுக்கு 2016ல கிகாலியில தனியா ஒரு ஒப்பந்தம் போட்டாங்க.

மறுபடியும் காங்கேயம், வேற ஆளு: மாடு ஏப்பம் விடறதாலதான் பூமி சூடாகுதாமா? காங்கேயம் மாட்டைக் கூட விட்டு வைக்க மாட்டீங்களாங்க?

ஏப்பம்ங்கறது சரிதானுங்க. (பலரும் பின்னால இருந்து வர்றதுன்னு நெனைக்கறாங்க, பெரும்பங்கு வாய் வழியாத்தான்.) அசை போடற சீவனுக்கு வயித்துல புல்லைச் செரிக்க வைக்கற கிருமி மீத்தேன் உண்டாக்கும். மீத்தேன் நூறு வருசக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 28 மடங்கு சூடு புடிக்கும், ஆனா சுமார் 12 வருசத்துல காத்துலயே ஒடைஞ்சிரும். ஆலைக்காலத்துக்கு முந்தி இருந்ததை விட காத்துல இப்ப ரெண்டரை மடங்குக்கு மேல. மனுசனால வர்ற மீத்தேன்ல 40 சதவீதம் மாடு, ஆடு, நெல்லு, 35 சதவீதம் கரிச் சுரங்கம், எண்ணெய்க் கெணறு, கேஸ் பைப் ஒழுகறது, 20 சதவீதம் குப்பையும் சாக்கடையும். வெள்ளலூர் குப்பைமேடு மாதிரி எங்கெல்லாம் மக்கற குப்பையை மலையா குமிச்சு வைக்கறமோ அங்கெல்லாம் உள்ளுக்குள்ள இதுதான் நடக்குது.

ஆனா கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு மேஞ்சுட்டு கிளுவை வேலிக்குள்ள திரியற மாட்டையும், ஒரே எடத்துல ஆயிரக்கணக்குல கட்டி வச்சு தீவனத்தைக் கொட்டற அமெரிக்கப் பண்ணையையும் ஒரே தராசுல வைக்கறது எங்களுக்கு ஒப்பல. அதே எண்ணிக்கையில மாடு இருந்துட்டே இருந்தா மீத்தேன் ஒரு அளவுல நின்னுக்கும், பழசு ஒடையும் புதுசு வரும். கரி அப்படி இல்ல, எரிக்க எரிக்க மேல மேல சேரும். அதுவும் போக காங்கேயம் மாடே கொறைஞ்சுட்டு வர்ற காலம் இது.

கீழ்பவானி, காளிங்கராயன் பாசனத்துல நெல்லு போடறவங்களுக்கு ஒண்ணு. வயல்ல தண்ணி கட்டியே கெடந்தா மண்ணுக்கு காத்து கெடைக்காம மீத்தேன் வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமா (காய விட்டு மறுபடி கட்டி) தண்ணி விட்டா அது நல்லாவே கொறையும், தண்ணியும் மிச்சம். யூரியாவை அள்ளிக் கொட்டறதும் வேண்டாம், மிஞ்சுனது நைட்ரஸ் ஆக்சைடா போகும், அது கார்பன் டை ஆக்சைடை விட 270 மடங்கு, நூறு வருசத்துக்கு மேல காத்துலயே கெடக்கும்.

கோவையில இருந்து ஒரு பில்டர்: சிமெண்ட் பேக்டரியை முழுசா சோலார், காத்தாடி கரண்ட்டுல ஓட்டிட்டா சிமெண்ட்டுல கார்பனே இருக்காதுல்ல?

இருக்கும். மதுக்கரையில 1930கள்ல இருந்து சிமெண்ட் பண்றாங்க, ஏன்னா அங்க மண்ணுக்குள்ளயே சுண்ணாம்புக்கல்லு இருக்குது. அந்தக் கல்லை சூளையில போட்டு சுட்டாத்தான் சிமெண்ட், சுடறப்ப கல்லுக்குள்ள பூட்டி வச்சிருந்த கார்பன் டை ஆக்சைடு கெளம்பிரும், சுத்தமான சுண்ணாம்புக்கல்லு 100 கிலோ போட்டா 44 கிலோ காத்துல போகும், 56 கிலோதான் கையில மிஞ்சும். அடியில எந்தத் தீ எரியுதுங்கறது அதுக்கு அப்புறம். உலகம் விடற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 7, 8 சதவீதம் சிமெண்ட் கணக்கு.

பல்லடம்: கேத்தனூர்ப் பக்கம் காத்தாடி நட்டதுல இருந்து மேகத்தை எல்லாம் வெட்டித் தள்ளிருது, மழையே போச்சுங்க.

இந்தப் பேச்சு காத்தாடி வந்த காலத்துல இருந்தே இருக்குது. காத்தாடி உச்சி நூறு நூத்தம்பது மீட்டர், மழை மேகத்தோட அடிவயிறே பொதுவா அதை விட பல மடங்கு ஒசரம். பக்கத்துக் காட்டுல தரையோரக் காத்தைக் கொஞ்சம் கலக்கி விடும், அது வாஸ்தவம், மேகத்தை எட்டித் தொடாது. உங்களுக்கு மழை கம்மியா இருக்கறதுக்குக் காரணம் மேற்க நிக்கற மலை. தென்மேற்குக் காத்து வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லார்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டு, இந்தப் பக்கம் எறங்கறப்ப வெறுங்கையோட வருது, அதுல ஒரு பங்கு சுமார் 30 கிலோமீட்டர் அகலமான பாலக்காட்டுக் கணவாய் வழியா வெசையா பூந்து ஆடியில அம்மியைப் பறக்க விடுது. காத்து நல்லா இருக்கற எடத்துல காத்தாடி நட்டாங்க, அந்த எடம் ஆதியில இருந்தே மழை கம்மியான எடம்.

கோவை ஆர்.எஸ்.புரம்: முந்தி கோயமுத்தூர்ல பேன் போட வேண்டியதில்ல. இப்ப ஏசி இல்லாம முடியல. இது காலநிலை மாற்றமா, ரோட்டோர மரத்தை வெட்டுனதா?

ரெண்டுந்தான். மேட்டுப்பாளையம் ரோட்டுல நெழலா நின்ன மரமெல்லாம் ரோடு அகலம் பண்றப்ப போச்சு, குளத்தோரம் எல்லாம் கட்டடம், தாரும் கான்கிரீட்டும் பகல்ல குடிச்ச சூட்டை ராத்திரி கக்கும், ஒவ்வொரு ஏசியும் உள்ள இருக்கற சூட்டை வீதியில கொண்டு வந்து கொட்டும். நகரத்துல வர்ற இந்த சூட்டுக்கு மாநகராட்சியும் நாமளும்தான் பொறுப்பு, பசிபிக் கடலை இழுக்க வேண்டாம். ஆனா நகரம் சூடானதைத்தான் பூமி சூடாகுதுன்னு சொல்றாங்கன்னு வாதம் பண்றவங்களுக்கு ஒரு கேள்வி: கூடுன சூட்டுல 90 சதவீதம் போய்ச் சேந்திருக்கறது கடல்ல. அங்க யாரு ரோடு போட்டா?

அவிநாசி: ஆயிரம் அடி போர் போட்டும் பொகைதான் வருது. இதுவும் பூமி சூடானதாலதானுங்க?

இல்லீங்க, இதைச் சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும், ஆனா பெரும்பங்கு நாமளே எறைச்சுத் தீத்தது. நம்ம ஊரு அடியில முழுக்கப் பாறை, வெடிப்புல நிக்கற தண்ணிதான் தண்ணி, அதுக்குக் கீழ கடல் ஒண்ணும் இல்ல. கவலை எறைச்ச காலத்துல மாடு எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் எடுத்தோம், அப்புறம் மோட்டார், கம்ப்ரசர், சப்மெர்சிபிள், இலவசக் கரண்ட்டு. காலநிலை இதுல பண்றது என்னன்னா, காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் எச்சா ஈரத்தைத் தாங்கும், அதனால பெய்யறப்ப ஒரேயடியா கொட்டுது, கொட்டுனது ஓடையில ஓடுது, மண்ணுக்குள்ள எறங்கறதுக்கு நேரமே குடுக்கறதில்ல. எல்லாத்தையும் காலநிலை மேல போட்டுட்டா போர் போட்டவன் தப்பிச்சுருவான், பாத்துக்குங்க.

சங்ககிரியில இருந்து ஒரு லாரி ஓனர்: ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ரெண்டரை கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வருதுன்னு படிச்சேன். ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ வராது, அதுல எப்படிங்க ரெண்டரை கிலோ புகை?

இதுதான் இந்தத் தடவை வந்ததுலயே எங்களுக்குப் புடிச்ச கேள்வி. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். அதுல 720 கிராம் சுமாருக்கு கார்பன், மிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜன். எரியறப்ப ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காத்துல இருந்து 32 கிராம் ஆக்சிஜனைப் புடிச்சுக்கும், 12 போட்டா 44 வெளிய வரும். 720ஐ அப்படிப் பெருக்குங்க, 2,640 கிராம். அதுல உங்க டேங்க்ல இருந்து வந்தது கார்பன் மட்டும்தான், மிச்ச வெயிட்டு இஞ்சின் காத்துல இருந்து இழுத்தது. பாரம் ஏத்துன வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வச்சுக்குங்க, 2,000 கிலோமீட்டர் ட்ரிப்புக்கு 500 லிட்டர், 1,300 கிலோ. அதுல ஒரு பங்கு உங்க பேரன் பேத்தி காலம் தாண்டி நூத்துக்கணக்கான வருசம் காத்துலயே நிக்கும்.

அதுக்காக லாரிக்காரன் தலையில மட்டும் கட்டறதும் நாயமில்ல. உலகத்துல எரிபொருள் எரிச்சு வர்ற கார்பன் டை ஆக்சைடுல 40 சதவீதம் சுமாருக்கு கரியோட பங்கு, பெரும்பங்கு கரண்ட்டுக்கு எரிக்கறது, மேட்டூர் அனல் மின் நிலையத்துல எரியறதும் அதுல சேத்தி. லாரியே பாக்காதவங்க வீட்டு ஏசிக்கும் அதுலதான் கரண்ட்டு வருது.

அன்னூர்: எல்லாஞ் சரிங்க, வர்ற வருசம் மழை எப்படி?

ஒரு வருசம் முன்னாடியே தேதியோட சொல்றவங்க யாராச்சும் இருந்தா எங்களுக்கும் நம்பர் அனுப்புங்க. அடுத்த அஞ்சு நாளைக்குன்னா கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல இருந்து செவ்வாய், வெள்ளி வேளாண் வானிலை அறிக்கை வருது, வானிலைத் துறையோட மேகதூத் ஆப்லயும் தமிழ்ல இருக்குது, மருந்தடிக்கறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துக்குங்க.

அடுத்த இதழ்ல தென்னை வெள்ளை ஈ. கேள்வி அனுப்பறவங்க மரத்துக்கு என்ன வயசுன்னு மறக்காம எழுதுங்க, வாய்ஸ் மெசேஜ் அனுப்பறவங்க மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல நின்னு பேசாதீங்க, ஒண்ணும் கேக்கறதில்ல.